கட்சிப் பகைமையைக் குறைக்கும் முயற்சியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாற்றுக் கட்சியினர்மீது மக்களுக்குள்ள வெறுப்பைத் தணிக்க ஒரு காணொளியையோ, உரையாடல் கூட்டத்தையோ, தகவல் குறிப்பையோ உருவாக்கிவிட்டு, அது உண்மையிலேயே பயன் தருகிறதா என்று அறிய விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இத்துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடம் நடத்தப்பட்டவை என்பதால், எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே எடுக்கப்பட்டுள்ளன.

புதிதாக வருவோர் முதலில் கூட்டத்தைத் திட்டமிடுகிறார்கள். பிறகு கேள்வித்தாளை எழுதுகிறார்கள். பங்கேற்றவர்களை மீண்டும் எப்போது அளப்பது என்பதைப் பணம் தீர்ந்த பிறகே யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. கடைசி அளவீடு எந்த நாளில், எதைப் பற்றி நடக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், ஆள் எண்ணிக்கை, கேள்விகள், வழிமுறை, செலவு ஆகிய எல்லாம் அதைப் பின்பற்றி ஒவ்வொன்றாக அமையும். கீழே உள்ள படிகள் அந்த நோக்கில் வரிசைப்படுத்தப்பட்டவை. இடையில் ஒன்றைத் தாண்டிச் சென்றால் பெரும்பாலும் திரும்பி வர நேரிடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆய்வறக் குழுவின், அதாவது பங்கேற்பாளர்களுக்குத் தீங்கு நேராமல் ஆய்வுத் திட்டங்களைச் சரிபார்க்கும் குழுவின், ஒப்புதல் முதலாவது. ஒருவருடைய கட்சிச் சார்பு அவருடைய பெயரோடு சேர்ந்து வெளியே கசிந்தால், பணியிடத்திலும் குடும்பத்திலும் அவருக்குத் தீங்கு நேரலாம். ஆகவே பெயரும் தொடர்பு விவரமும் ஒரு கோப்பில், விடைகள் வேறொரு கோப்பில், இரண்டையும் இணைக்கும் எண் மூன்றாவது இடத்தில் என்று தொடக்கத்திலேயே பிரித்து வையுங்கள். பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், ஒரே விரிதாளைப் பலருக்கு அனுப்பிய பிறகுதான் அதை நினைவுகூர்கிறார்கள்.

இரண்டாவது தேவை, கட்சிச் சார்பைக் கேட்கும் முறை. 'நீங்கள் எந்தக் கட்சி?' என்ற ஒரே கேள்வி போதாது. தம்மைச் சுயேச்சை என்று சொல்லிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்தே இருக்கிறார்கள்; வாக்களிப்பதிலும் அவர்கள் அந்தக் கட்சியினரைப் போன்றே நடந்துகொள்கிறார்கள். எனவே சுயேச்சை என்று சொன்னவரிடம் 'இரண்டில் எந்தக் கட்சிக்கு நெருக்கமாக உணர்கிறீர்கள்?' என்ற தொடர்கேள்வி வேண்டும். அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு நெடுங்காலமாக இப்படித்தான் கேட்டு வருகிறது. சாய்வுடையோரைச் சேர்ப்பதா விடுவதா என்பதைத் தரவைப் பார்த்த பிறகு முடிவு செய்யக் கூடாது.

மூன்றாவது, இரண்டு சுற்று அளவீட்டுக்கான பணம். ஒரு சுற்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஆட்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு இரண்டு சுற்று நடத்த முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாது என்றால் ஆய்வைத் தள்ளிவைப்பதே நல்லது என்பது என் கருத்து; ஏன் என்பது ஒன்பதாம் படியில் தெரியும்.

2. எந்தப் பகைமை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

துருவமயமாதல் என்ற ஒரே சொல்லின் கீழ், குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. வரி, குடியேற்றம் போன்ற கொள்கைகளில் நிலைப்பாடுகள் விலகிப்போவது ஒன்று. மாற்றுக் கட்சியினரைப் பிடிக்காமல் போவது, நம்பாமல் இருப்பது மற்றொன்று. இதையே உணர்வுசார் துருவமயமாதல் என்கிறோம். தம் கட்சி வெல்லுமானால் தேர்தல் விதிகளை மீறலாம், வன்முறையும் தகும் என்று எண்ணுவது மூன்றாவது.

2012-இல் ஷாந்தோ ஐயங்கார், கௌரவ் சூத், யிஃப்தாக் லெல்கஸ் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை முதலிரண்டையும் பிரித்துக் காட்டியது: கொள்கை வேறுபாட்டின் அளவைக் கொண்டு மட்டும் வெறுப்பின் வளர்ச்சியை விளக்க முடியவில்லை. மூன்றாவதும் தனியே நிற்கிறது. யான் ஃபோல்கலும் உடன் ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட சோதனைகளில், மாற்றுக் கட்சியினர்மீதான வெறுப்பு குறைந்தபோதும் ஜனநாயகத்துக்கு எதிரான மனப்பான்மைகள் அதனோடு சேர்ந்து குறையவில்லை.

'நாட்டின் பிளவைக் குறைப்பது எங்கள் நோக்கம்' என்று எழுதித் தொடங்கிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மூன்றையும் அளந்து, எது அசைந்ததோ அதையே நோக்கமாக்கிக்கொள்கிறார்கள். அதைத் தவிர்க்க, 'இந்த முயற்சிக்கு நான்கு வாரங்களுக்குப் பிறகு, இன்ன பங்கேற்பாளர்கள் மாற்றுக் கட்சி வாக்காளர்களுக்குத் தரும் மதிப்பீடு, ஒப்பீட்டுக் குழுவினர் தருவதைவிட உயர்ந்திருக்கும்' என்ற வகையில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். யார், எதைப் பற்றி, எப்போது, யாரோடு ஒப்பிட்டு ஆகிய நான்கும் அதில் இருந்தால் இந்தப் படி முடிந்தது.

3. அளவுகோலைத் தேர்ந்தெடுத்தல்

அதிகம் பயன்படுவது உணர்வு வெப்பமானி. 0 என்றால் மிகுந்த வெறுப்பு, 50 என்றால் வெறுப்புமில்லை விருப்புமில்லை, 100 என்றால் மிகுந்த அன்பு. தேசியத் தேர்தல் ஆய்வில் 1978-இல் மாற்றுக் கட்சிக்குக் கிடைத்த சராசரி மதிப்பீடு 50-ஐ ஒட்டி இருந்தது. 2020-இல் அது 20 அளவுக்கு இறங்கிவிட்டது. நீண்ட தொடர் இருப்பதால், உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பின்னணி கிடைக்கிறது என்பதே இக்கருவியின் முதன்மையான பயன்.

ஆனால் யாரை மதிப்பிடச் சொல்கிறீர்கள் என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். 'ஜனநாயகக் கட்சி' என்று கேட்டால் விடையளிப்பவர் மனத்தில் தோன்றுவது தலைவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் அல்லர். ஜேம்ஸ் ட்ரக்மனும் மாத்யூ லெவன்டஸ்கியும் 2019-இல் காட்டியபடி, தலைவர்களைப் பற்றிய வெறுப்பு சாதாரண வாக்காளர்களைப் பற்றியதைவிட அதிகம். உங்கள் முயற்சி இரு கட்சி வாக்காளர்களைச் சந்திக்க வைப்பது என்றால், 'ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் சாதாரண மக்கள்' என்று கேள்வியிலேயே சொல்ல வேண்டும். இல்லையென்றால் நடந்த மாற்றம் உங்கள் கேள்வியில் பதியாமலே போகும்.

சொந்தக் கட்சியையும் அதே அளவுகோலில் கேளுங்கள். ஆனால் இரண்டின் இடைவெளியை மட்டும் அறிக்கையிட வேண்டாம். இடைவெளி சுருங்க இரண்டு வழிகள் உண்டு: மாற்றுக் கட்சியின் மதிப்பீடு ஏறலாம், அல்லது சொந்தக் கட்சியின்மீது சலிப்பு வரலாம். இரண்டாவதைக் கண்டு மகிழ்ந்த அறிக்கைகள் இருக்கின்றன.

சமூக நெருக்கத்தை அளக்கும் கேள்விகளிலும் ஒரு கண்ணி உண்டு. 'உங்கள் மகனோ மகளோ மாற்றுக் கட்சியினரை மணந்தால் வருந்துவீர்களா?' என்பது புகழ்பெற்ற கேள்வி. 1960-இல் ஆம் என்றவர்கள் இரு கட்சியிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர். 2010-இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழ பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் அப்படிச் சொன்னார்கள். எனினும் 2018-இல் சமாரா கிளார், யானா க்ருப்னிகோவ், ஜான் பேரி ரயன் ஆகியோர் அதே கேள்வியைச் சற்று மாற்றி, வரப்போகிற மருமகன் அல்லது மருமகள் அரசியல் பேசுவது அரிது என்று சேர்த்தபோது, எதிர்ப்பு வெகுவாகத் தளர்ந்தது. பலருக்குப் பிடிக்காதது மாற்றுக் கட்சி மட்டும் அன்று. ஓயாமல் அரசியல் பேசுபவரையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

வன்முறையைப் பற்றிக் கேட்பதானால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. ஷான் வெஸ்ட்வுட் முதலியோர் 2022-இல் காட்டியபடி, தெளிவற்ற கேள்விகளும் கவனமின்றி விடை தட்டுவோரும் சேர்ந்து வன்முறை ஆதரவை உண்மையைவிடப் பெரிதாக்கிவிடுகிறார்கள். இன்னவர் இன்னதைச் செய்தார், அது தகுமா என்று குறிப்பான நிகழ்வை விவரித்துக் கேளுங்கள். கவனச் சோதனைக் கேள்வி ஒன்றையும் சேருங்கள். அந்தச் சோதனை முயற்சிக்கு முன்னர் வர வேண்டும். பின்னர் வைத்து, தவறியவர்களை நீக்கினால், முயற்சியால் சலிப்படைந்தவர்களையே நீக்கிவிடக்கூடும். அப்போது குழுக்கள் சமமாக இரா.

4. காரணத்தைக் கண்டு, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுத்தல்

2022-இல் ரேச்சல் ஹார்ட்மனும் குழுவினரும் வெளியிட்ட தொகுப்பு, பகைமையைக் குறைக்கும் முயற்சிகளை எண்ணம், உறவு, அமைப்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. வகைப்பாடு எளிது, உங்கள் பங்கேற்பாளர்களிடம் உண்மையில் எது இருக்கிறது என்று பார்ப்பதுதான் கடினம்.

தவறான எண்ணத்தைத் திருத்துவது உங்கள் வழி என்றால், அந்தத் தவறு அவர்களிடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். டக்ளஸ் ஆலரும் கௌரவ் சூத்தும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குடியரசுக் கட்சியினரில் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் 38 விழுக்காடு என்று மக்கள் சராசரியாக மதிப்பிட்டார்கள். உண்மை ஏறத்தாழ 2 விழுக்காடு. ஜனநாயகக் கட்சியினரில் 32 விழுக்காட்டினர் தன்பால் அல்லது இருபால் ஈர்ப்புடையோர் என்று மதிப்பிட்டார்கள். உண்மை ஏறத்தாழ 6 விழுக்காடு. இத்தனை பெரிய இடைவெளி இருந்தால் திருத்தத்துக்கு இடம் இருக்கிறது. உங்கள் பங்கேற்பாளர்கள் ஏற்கெனவே ஏறத்தாழச் சரியாகவே மதிப்பிடுகிறார்கள் என்றால், திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை.

இதில் வலுவான ஒரு கிளை உண்டு: 'அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்' என்ற ஊகத்தைத் திருத்துவது. ஜோசப் மெர்னிக், சோஃபியா பிங்க், ஜேம்ஸ் ட்ரக்மன், ராப் வில்லர் ஆகியோர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுக் கட்சியினர் எத்தனை பேர் வன்முறையை ஆதரிக்கிறார்கள் என்ற மிகையான ஊகத்தை உண்மை எண்ணால் திருத்தியபோது, திருத்தப்பட்டவர்களின் சொந்த வன்முறை ஆதரவும் குறைந்தது. ஒரு சோதனையில் அந்த விளைவு ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகும் காணப்பட்டது. இவ்வளவு எளிய முயற்சி இவ்வளவு நாள் தாங்குவது இத்துறையில் அரிது. நீங்கள் காட்டும் எண் உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் பழைய கணக்கெடுப்பின் எண்ணை இன்றைய நிலையாகக் காட்டிய வரைவுகளைத் திருத்த நேர்ந்திருக்கிறது.

நேரடி உரையாடலைத் தேர்ந்தெடுத்தால், பேசுபொருள்தான் விளைவை முடிவு செய்யும். எரிக் சான்டோரோவும் டேவிட் புரூக்மனும் 2022-இல் வெளியிட்ட சோதனைகளில், முன்பின் அறியாத இரு கட்சியினர் காணொளி வழியே 'எனக்கு உகந்த ஒரு நாள் எப்படி இருக்கும்' என்று பேசிக்கொண்டபோது வெறுப்பு வெகுவாக இறங்கியது. ஆயினும் மூன்று மாதங்களுக்குள் அந்த இறக்கம் பெருமளவு மறைந்துவிட்டது. கருத்து வேறுபாட்டை மையமாக வைத்த உரையாடல் அத்தகைய இறக்கத்தைக் காட்டவில்லை. முதல் கூட்டத்திலேயே கருக்கலைப்பையும் துப்பாக்கிச் சட்டத்தையும் விவாதிக்க வைத்துவிட்டு, மனம் மாறும் என்று எதிர்பார்ப்பது புதியவர்களின் வழக்கம்.

கொள்கையைப் பேசவே கூடாது என்பது இதன் பொருளன்று. அதற்கு நேரமும் ஏற்பாடும் வேண்டும். 2019 செப்டம்பரில் டாலஸ் நகருக்கு அருகே ஜேம்ஸ் ஃபிஷ்கின் முதலியோர் சமவாய்ப்பு முறையில் (குலுக்கல் போல) தேர்ந்தெடுத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்காளர்களை ஒரு நீண்ட வார இறுதிக்குக் கூட்டினார்கள். இரு தரப்பு வாதங்களையும் சமமாகத் தந்த குறிப்பேடு, நெறியாளருள்ள சிறு குழுக்கள், வல்லுநர்களிடம் கேள்வி கேட்கும் அமர்வுகள் ஆகியவை இருந்தன. அங்கே கொள்கை விலகலும் வெறுப்பும் இரண்டுமே குறைந்தன. உங்களிடம் ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால், அதை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள்.

மாற்றுக் கருத்தை வெறுமனே கண்ணில் படவைப்பது பயன் தரும் என்று நம்ப வேண்டாம். கிறிஸ்டோபர் பெய்லும் குழுவினரும் 2018-இல் வெளியிட்ட சோதனையில், ட்விட்டர் பயனர்களுக்குப் பணம் கொடுத்து, மாற்றுத் தரப்புச் செய்திகளை நாள்தோறும் 24 என்ற கணக்கில் ஒரு மாதம் பகிரும் தானியங்கிக் கணக்கைப் பின்தொடரச் செய்தார்கள். ஜனநாயகக் கட்சிப் பக்கத்துத் தாராளவாதச் செய்திகளைப் பின்தொடர்ந்த குடியரசுக் கட்சியினர் முன்பைவிட அதிகப் பழைமைவாதிகளானார்கள், அதாவது தம் பக்கமே மேலும் சாய்ந்தார்கள். சமூக ஊடகத்தின் வரிசைமுறையை மாற்றுவதும் எளிதில் பலிப்பதில்லை: 2020 தேர்தல் காலத்தில் பேஸ்புக்கில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு ஒத்த கருத்துடையோரின் பதிவுகளைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோது, மனப்பான்மைகளில் அளக்கத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

5. ஒப்பீட்டுக் குழுவை அமைத்தல்

உரையாடல் கூட்டத்துக்குத் தாமாக வருபவர்கள் ஏற்கெனவே மென்மையானவர்கள். வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால், கூட்டம் செய்யாத வேலைக்கும் சேர்த்து அதற்குப் பாராட்டு கிடைக்கும். ஆகவே பதிவு செய்த எல்லோரையும் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இப்போதும் மறுபாதியை இரண்டாம் அளவீடு முடிந்த பிறகும் அழையுங்கள். காத்திருப்போருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் மனக்குறை குறைவு.

காணொளி, குறிப்பு போன்றவற்றில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே நீளத்தில் அரசியல் சாராத வேறொன்றைக் கொடுங்கள். ஒன்றும் கொடுக்காவிட்டால், உங்கள் காணொளியின் உள்ளடக்கம் வேலை செய்ததா, பத்து நிமிடம் அரசியலை மறந்து இருந்தது வேலை செய்ததா என்று பிரிக்க இயலாது.

பிரித்தலை ஒவ்வொரு கட்சிக்குள்ளும் தனித்தனியே செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு குழுவில் ஒரு கட்சியினர் தற்செயலாக மிகுந்துவிடலாம்.

6. எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுதல்

இரண்டு குழுக்களை ஒப்பிட ஓர் எளிய சூத்திரம் உண்டு: திட்ட விலக்கத்தை (விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை) எதிர்பார்க்கும் வேறுபாட்டால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, 16-ஆல் பெருக்கினால் ஒவ்வொரு குழுவுக்கும் தேவைப்படும் ஆள் எண்ணிக்கை கிடைக்கும். உண்மையில் இருக்கும் வேறுபாட்டை நூற்றுக்கு எண்பது முறை கண்டுபிடிக்க இது போதும். வெப்பமானியில் திட்ட விலக்கம் 24 என்றும், எதிர்பார்க்கும் வேறுபாடு 5 புள்ளி என்றும் வைத்துக்கொண்டால், குழுவுக்கு ஏறத்தாழ 370 பேர்.

இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அந்த 5 புள்ளி முயற்சி முடிந்த உடனே தெரிவது. நான்கு வாரங்களில் அது பாதியாகக் கரைந்து 2.5 ஆனால், தேவைப்படும் ஆட்கள் இரண்டு மடங்காகவில்லை, நான்கு மடங்காகிறார்கள்: குழுவுக்கு ஏறத்தாழ 1,475 பேர். கணக்கை இரண்டாம் அளவீட்டைக் கொண்டே போட வேண்டும் என்று தொடக்கத்தில் வற்புறுத்தியதன் காரணம் இதுதான்.

மிரள வேண்டாம், இதைக் குறைக்க வழி உண்டு. முயற்சிக்குச் சில நாள் முன்பே அதே கேள்வியை ஒரு முறை கேட்டு வைத்து, பகுப்பாய்வில் அந்த முன்மதிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்மதிப்புக்கும் பின்மதிப்புக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.7 என்றால் தேவை ஏறத்தாழப் பாதியாகிறது. புதிய ஆட்களைச் சேர்ப்பதைவிட ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்பது பெரும்பாலும் மலிவு. அன்றே கேட்காமல் சில நாள் முன்பு கேட்பது, விடையளித்தவர் தம் முந்தைய எண்ணை நினைவில் வைத்து அதையே மீண்டும் சொல்லாமல் இருப்பதற்காக.

கூட்டமாக நடத்தினால் இன்னொரு திருத்தம் தேவை. ஒரே அறையில் இருந்தவர்கள் ஒரே நெறியாளரையும் ஒரே சச்சரவையும் பகிர்ந்துகொண்டவர்கள். அவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ண முடியாது. அறைக்கு 10 பேர், அறைக்குள் ஒட்டுறவு (ஒரே அறையினரின் விடைகள் ஒத்திருக்கும் அளவு) 0.05 என்றால், கூட்டக் குழுவுக்கான எண்ணிக்கையை 1.45-ஆல் பெருக்குங்கள். கடைசியாக, இரண்டாம் சுற்றுக்கு நூற்றுக்கு அறுபது பேர்தான் திரும்புவார்கள் என்று தோன்றினால், 0.6-ஆல் வகுங்கள்.

7. திட்டத்தைப் பதிவு செய்தல், முன்னோட்டம்

முதன்மை அளவுகோல், விலக்கும் விதிகள், பகுப்பாய்வு முறை, இரண்டாம் அளவீட்டின் நாள் ஆகியவற்றைத் தரவு வருமுன் பொதுப் பதிவேடு ஒன்றில் நாளிட்டுப் பதியுங்கள்; ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் என்ற இணையதளம் இதற்கு இலவசமாக இடம் தருகிறது. பத்துக் கேள்வி கேட்டு, அசைந்த ஒன்றை மட்டும் பேசும் ஆசையிலிருந்து உங்களைக் காப்பது இதுவே.

முன்னோட்டம் முப்பது நாற்பது பேரிடம் போதும். அதில் விளைவைத் தேடாதீர்கள். அத்தனை சிறிய எண்ணிக்கையில் எந்த எண் வந்தாலும் பொருளில்லை. கேள்வி புரிகிறதா, காணொளியைத் தாண்டிச் செல்கிறார்களா, இரு கட்சியினரும் உரையை ஒருதலைப்பட்சமானது என்று உணர்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். கடைசிக் கேள்வியை இரு கட்சியினரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும், ஏனெனில் உங்கள் குழுவினர் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தவர்களாக இருந்தால், அந்தச் சாய்வு உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

8. கூட்டத்தை நடத்துதல்

இரு கட்சியினரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். பகைக் குழுக்களின் சந்திப்பு பலன் தர உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் வகுத்த நான்கு நிபந்தனைகளான சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரமுள்ளோரின் ஆதரவு ஆகியவற்றில் முதலாவது, எண்ணிக்கை சாயும்போதே சாய்ந்துவிடுகிறது. ஏழு பேருக்கு மூன்று பேர் என்ற அறையில் அந்த மூவரும் தம் கட்சியின் வழக்கறிஞர்களாக மாறிவிடுகிறார்கள். ஒரு பக்கத்தினர் வராமல் போவது வழக்கம் என்பதால், குறைவாக வரக்கூடிய கட்சியினரைக் கூடுதலாக அழைத்து, மிஞ்சினால் வேறொரு நாளுக்கு மாற்றுங்கள்.

வரிசையும் முக்கியம். இரு கட்சியினரையும் பேசவைப்பதற்காக 2016 தேர்தலுக்குப் பிறகு தோன்றிய பிரேவர் ஏஞ்சல்ஸ் அமைப்பின் பயிற்சி ஒன்று இதற்கு நல்ல பாடம்: ஒவ்வொரு கட்சியினரும் தனி அறையில் கூடி, மற்றவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் பொதுவான முத்திரைகளைப் பட்டியலிடுகிறார்கள், அவை ஏன் தவறு, உண்மை என்ன என்று எழுதுகிறார்கள், பிறகு அவற்றில் சிறிதளவாவது உண்மை உண்டா என்று தமக்குள் கேட்டுக்கொண்டு, திரும்பி வந்து அதை மற்றவர் முன் சொல்கிறார்கள். தன் பக்கக் குறையை முதலில் தானே சொல்லிவிட்டவரிடம் அதையே குற்றச்சாட்டாக வீசுவது கடினம். குறை கூறுவதை மற்றவரிடம் விட்டிருந்தால் அதே நேரம் வழக்காடலில் கழிந்திருக்கும்.

நெறியாளர்களுக்கு நான் தரும் பயிற்சியில் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குப் போகிறது: தவறான தகவலைக் கேட்டதும் திருத்த வாயெடுக்காமல் இருப்பது. திருத்திய அந்தக் கணமே நெறியாளர் ஒரு தரப்பாகிவிடுகிறார். 'அது உங்களுக்கு ஏன் முக்கியமாகப்படுகிறது?' என்று கேட்கப் பழக்குங்கள். தகவலைத் திருத்துவதே உங்கள் வழிமுறை என்றால், அதை இரு தரப்புக்கும் பொதுவான எழுத்துக் குறிப்பாக முன்னரே கொடுத்துவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் கேள்வித்தாளை நெறியாளர் கையால் கொடுக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் அன்பாக நடத்தியவரை ஏமாற்ற எவருக்கும் மனம் வராது. அவருக்குப் பிடித்த விடையையே எழுதுவார்கள். இணையவழிக் கேள்விகளில் இத்தகைய மனநிறைவு விடைகளின் தாக்கம் சிறியது என்று ஜொனாதன் மும்மோலோவும் எரிக் பீட்டர்சனும் 2019-இல் காட்டியிருக்கிறார்கள். முகம் பார்த்துப் பேசிய கூட்டத்துக்கு அந்த ஆறுதல் பொருந்தும் என்று நான் கொள்ள மாட்டேன்.

9. மீண்டும் அளத்தல்

2025-இல் டெரெக் ஹாலிடே, யிஃப்தாக் லெல்கஸ், ஷான் வெஸ்ட்வுட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, முந்தைய முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தது. வெப்பமானியில் சராசரி நகர்வு 5 புள்ளி அளவில்தான் இருந்தது. அதுவும் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் கரைந்து, இரண்டு வாரங்களில் இல்லாமலே போயிற்று. ஆகவே உடனடி அளவீட்டோடு முடிக்கும் ஆய்வு, எல்லா முயற்சிகளுமே நல்லவை என்றுதான் சொல்லும்.

மீண்டும் அளக்கும்போது கேள்வியின் சொற்களை மாற்றாதீர்கள். மேம்படுத்தும் ஆசை வந்தாலும் மாற்றாதீர்கள். அழைப்பில் கூட்டத்தைப் பற்றி எதுவும் நினைவூட்டாதீர்கள், ஏனெனில் நினைவூட்டலே ஒரு சிறு முயற்சியாகிவிடும்.

திரும்பி வராதவர்களை முதல் சுற்று விடைகளைக் கொண்டு பாருங்கள். கூட்டத்துக்குச் சென்றவர்களில் அதிக வெறுப்புள்ளவர்கள் மட்டும் விலகியிருந்தால், மிச்சமிருப்போரின் சராசரி தானாகவே உயர்ந்திருக்கும். கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்டும் வராதவர்களைக் கூட்டக் குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். அப்படிச் செய்தால் விளைவு சிறிதாகத் தெரியும் என்று குழுவில் ஒருவராவது முறையிடுவார். ஆனால் அவர்களை நீக்கினால் ஐந்தாம் படியில் செய்த பிரித்தலுக்கே பொருளில்லாமல் போகும்.

10. முடிவை எழுதுதல்

அளந்ததை மட்டும் எழுதுங்கள். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2024-இல் வெளியான பெருஞ்சோதனையில், வந்த 252 முன்மொழிவுகளிலிருந்து 25 முயற்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு 32,059 பேரிடம் சோதிக்கப்பட்டன. 23 முயற்சிகள் வெறுப்பைக் குறைத்தன. ஜனநாயக மீறல்களுக்கான ஆதரவையோ வன்முறை ஆதரவையோ குறைத்தவை சிலவே. வெறுப்பை மட்டும் அளந்துவிட்டு 'ஜனநாயகத்தைப் பாதுகாக்கும் வழி' என்று தலைப்பிடும் அறிக்கைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

புள்ளிகளை வாசகருக்குப் புரியும்படி வைக்க, நீண்ட தொடரோடு ஒப்பிடலாம். நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது புள்ளி இறங்கிய அளவுகோலில் 5 புள்ளி என்பது சிறிதன்று. ஆனால் எத்தனை நாள் அது நின்றது என்பதை அதே வாக்கியத்திலேயே எழுத வேண்டும், அடுத்த பத்தியில் அன்று.

அட்டவணையில் இரு கட்சியினரின் விளைவுகளையும் தனித்தனி வரிசைகளில் கொடுங்கள். உடனடி மதிப்பும் இரண்டாம் அளவீட்டு மதிப்பும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளையும்), அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களின் தொகையையும் சேருங்கள். பதிவேட்டில் எழுதியிருந்தும் அசையாத அளவுகோல்கள் அதே அட்டவணையில், அதே எழுத்தளவில் இடம்பெற வேண்டும்.